கிராவல் குவாரி: மூடும் திட்டத்திலிருந்து தொடங்குங்கள் – மதுரை வட்டாரத்துக்கான முழு வழிகாட்டி

மேலூர், கொட்டாம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் செவக்காட்டில் நின்றால் கைவிடப்பட்ட கிராவல் (சாலைக் கரைக்குப் போடும் சரளை கலந்த செம்மண்) குழி ஒன்றாவது கண்ணில் படும். செங்குத்தான கரை, அடியில் பாசி பிடித்த தண்ணீர், சுற்றிலும் சீமைக் கருவேலம். மேல்மண் எங்கே போனது என்று கேட்டால் பதில் இருக்காது. சாலைக்கு அடியில் போயிருக்கும். தோண்டியது தப்பில்லை, முடிந்த பிறகு அந்த நிலம் என்னவாக வேண்டும் என்று யாரும் முதலிலேயே முடிவு செய்யவில்லை என்பதுதான் தப்பு. இந்த வழிகாட்டி அதனால் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறது. கணக்குக்கு 150 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம் உள்ள ஒன்றரை ஹெக்டேர் பட்டா நிலத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலில் முடிவு: குழி என்னவாகப் போகிறது?

நம் பகுதியில் நடைமுறைக்கு ஒத்துவருவது மூன்றுதான். ஒன்று, தாழ்வான மூலையில் பண்ணைக்குட்டை, மீதி மானாவாரி நிலம். இரண்டு, புளி, நாவல், வேம்பு மாதிரி மரத்தோப்பு. மூன்று, ஆடு மாட்டுக்கான மேய்ச்சல் நிலம். முழுக் குழியையும் வெளியிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்பிப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவருவோம் என்று திட்டத்தில் எழுதுகிறவர்களும் உண்டு. எழுதாதீர்கள். அவ்வளவு மண் வேண்டுமென்றால் இன்னொரு இடத்தில் இன்னொரு குழி விழ வேண்டும். கடைசியில் கட்டட இடிபாடும் ஊர்க் குப்பையும்தான் வந்து சேரும். பக்கத்துக் கிணறு கெடும்.

முடிவு எதுவானாலும் அது மூன்று எண்களைத் தீர்மானிக்கிறது: ஆழம், கரைச் சரிவு, அடித்தளத்தின் வாட்டம். விவசாயம் என்றால் கரை 1:3 சரிவில் இருக்க வேண்டும், அதாவது 1 மீட்டர் இறக்கத்துக்கு 3 மீட்டர் கிடைமட்டம். அதில் டிராக்டர் ஏறி இறங்கும், ஆடு மேயும், மழையில் கரை அறுக்காது. மரம் மட்டும் என்றால் 1:2 போதும். அடித்தளம் குட்டை அமையும் மூலையை நோக்கி 100 மீட்டருக்கு அரை மீட்டராவது வாட்டமாக இருக்கட்டும். மட்டமாக விட்டால் ஐப்பசி மழை முழுவதும் திட்டுத் திட்டாய்த் தேங்கும்.

நிலத்தைப் படிப்பது

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் (நில அளவை வரைபடம்) நான்கையும் கையில் வைத்துக்கொண்டு காலால் நடங்கள். புலப்படத்தில் மெல்லிய கோடாக இருக்கும் ஓடை நேரில் தூர்ந்துபோய்க் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது ஏதோ ஒரு கண்மாயின் வரத்துக்கால். அதை அடைத்துவிட்டால் கீழே இருக்கிற ஆயக்கட்டுக்காரர்கள் அடுத்த வருடம் வந்து நிற்பார்கள், நியாயமாகவே. வண்டிப்பாதை, மயானம், மின்கம்பி, பக்கத்துக் கிணறுகள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சில இடங்களை இப்போதே கைகழுவிவிடலாம். வனவிலங்குச் சரணாலயம், புலிகள் காப்பகம் இவற்றின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அனுமதி கிடையாது. பேரையூர் தாலுகாவில் சாப்டூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். யானைமலை, கீழக்குயில்குடி போல சமணர் படுகையும் கல்வெட்டும் உள்ள குன்றுகளைச் சுற்றித் தொல்லியல் சட்டம் இருக்கிறது: மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. அரிட்டாபட்டி 2022 முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். கண்மாய், கால்வாய், நெடுஞ்சாலை, ரயில் பாதை ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் விலக வேண்டும்.

பிறகு சோதனைக் குழி. ஒன்றரை ஹெக்டேருக்கு ஐந்தாறு குழிகள் போதும்; நான்கு மூலையில் நான்கு, நடுவில் ஒன்றிரண்டு. திட்டமிட்ட ஆழத்துக்குக் கீழே இன்னும் 1 மீட்டர் போங்கள். குழியின் சுவரை மண்வெட்டியால் சீவிவிட்டுப் பார்த்தால் அடுக்கு தெளிவாகத் தெரியும். மேலே வேர் ஓடிய, கொஞ்சம் கருத்த மண் 20 முதல் 40 சென்டிமீட்டர். அதன் கீழே பளிச்சென்ற சிவப்பில் சரளை கலந்த மண், அதுதான் சரக்கு. அதற்கும் கீழே வெள்ளைச் சுக்காங்கல்லோ மக்கிய பாறையோ வரும். ஒவ்வொரு அடுக்கின் கனத்தையும் டேப்பால் அளந்து எழுதுங்கள். திருமங்கலம், கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டிப் பக்கம் கரிசலுக்கு அடியில் சரளை கிடைக்கும் இடங்களும் உண்டு. அங்கே கரிசல் அடுக்கு ஒரு மீட்டருக்கு மேல் என்றால் கணக்கு கட்டாது. நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் கரிசலைச் சாலைக் கரைக்கு யாரும் வாங்கவும் மாட்டார்கள்.

சரக்கு தேறுமா என்று அங்கேயே ஒரு பாட்டிலில் பார்க்கலாம். ஒரு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். சரளையும் மணலும் ஒரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், மறுநாள் காலையிலும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் களி அதிகம். இது கண்மதிப்புதான். விற்பனைக்கு ஆய்வக அறிக்கை வேண்டும். தேசிய நெடுஞ்சாலைத் தரப்படி சாலைக் கரைக்குப் போடும் மண்ணின் நீர்ம வரம்பு (மண் குழம்பாகத் தொடங்கும் ஈர அளவு) 70-ஐயும் நெகிழ்வுக் குறியீடு (மண் பிசையும் பதத்தில் நிற்கும் ஈர இடைவெளி) 45-ஐயும் தாண்டக் கூடாது. சாலையின் துணை அடித்தளத்துக்கு (கரைக்கு மேலே வரும் அடுக்கு) என்றால் அதே எண்கள் 25, 6 என்று இறுகிவிடும். நம் செவக்காட்டு கிராவலில் பெரும்பாலானது முதல் வகைக்குத்தான் தேறும். அதை இரண்டாவது வகை என்று சொல்லி விலை பேசினால் லோடு திரும்பி வரும்.

ஆய்வக அறிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. சவுடு (பள்ளம் நிரப்பும் சாதாரண மண்) என்ற பெயரில் ஆற்று மணல் அள்ளப்படுவதாக வழக்குகள் வந்து, கனிமத்தின் கூறுகளை ஆய்வகத்தில் உறுதி செய்யாமல் குவாரி அனுமதி தரக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அறிக்கை இல்லாத மனு அதனால் அப்படியே கிடக்கும்.

நிலத்தடி நீரை இரண்டு முறை அளக்க வேண்டும்: சித்திரை வைகாசியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை. சுற்றியுள்ள மூன்று கிணறுகளில் கயிறு விட்டு அளந்தால் போதும். ஆழத்தைத் தீர்மானிப்பது மார்கழி மட்டம்தான். அந்த மட்டத்துக்கு மேலே 2 மீட்டராவது தோண்டாத மண் இருக்க வேண்டும். கோடையில் மட்டும் அளந்துவிட்டுத் தோண்டிய குழிதான் கார்த்திகையில் ஊற்றெடுத்து இயந்திரத்தோடு நிற்கும்.

கணக்கு: ஏமாறுவது இங்கேதான்

ஒன்றரை ஹெக்டேர், 3 மீட்டர் ஆழம், ஆக 45,000 கனமீட்டர் என்று வாய்க்கணக்குப் போட்டுக் குத்தகை பேசுவார்கள். உண்மைக் கணக்கு வேறு.

பக்கத்துப் பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டர், அரசுப் புறம்போக்குக்கு 10 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும். நம் நிலத்தின் வடக்கே 150 மீட்டர் நீளத்துக்கு வண்டிப்பாதை, மற்ற மூன்று பக்கமும் பட்டா என்று வைத்துக்கொண்டால், தோண்டக் கிடைப்பது 135 × 82.5 மீட்டர், அதாவது 11,137 சதுர மீட்டர். 1:3 சரிவில் 3 மீட்டர் இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் 9 மீட்டர் உள்ளே வரும். அடித்தளம் 117 × 64.5 மீட்டர்தான். வாட்டத்தைச் சேர்க்காமல், மேல் பரப்பு, நடுப் பரப்பு, அடிப் பரப்பு மூன்றையும் வைத்துக் கணக்கிட்டால் மொத்தக் கொள்ளளவு சுமார் 27,860 கனமீட்டர். அதில் மேலே 30 சென்டிமீட்டர் மேல்மண் சுமார் 3,280. விற்கக் கிடைப்பது சுமார் 24,580 கனமீட்டர். வாய்க்கணக்கில் பாதிக்குக் கொஞ்சம் மேலே!

அடுத்தது யூனிட். 100 கன அடி ஒரு யூனிட், அதாவது 2.83 கனமீட்டர். நிலத்தில் இறுகிக் கிடக்கும் மண் லாரியில் ஏறும்போது நாலில் ஒரு பங்கு உப்பும். ஆக 24,580 கனமீட்டர் வண்டியில் சுமார் 30,700 ஆகும்; 4 யூனிட் ஏற்றும் பத்துச் சக்கர டிப்பரில் சுமார் 2,700 லோடு. அனுமதிக் கடிதத்தில் இருப்பது நிலத்தில் அளந்த கணக்கா, வண்டியில் அளந்த கணக்கா என்று தெளிவாக இல்லாவிட்டால், நடைச்சீட்டு (ஒவ்வொரு லோடுக்கும் வேண்டிய அனுமதிச் சீட்டு) தீரும்போது குழியில் மண் மிச்சமிருக்கும் அல்லது குழி அனுமதியைத் தாண்டியிருக்கும். இரண்டாவது நடந்தால் அபராதம். இப்போது அளப்பது செயற்கைக்கோள் உதவியால் இயங்கும் டி.ஜி.பி.எஸ். கருவி, சென்டிமீட்டர் கணக்கில் சொல்லிவிடும்.

காகித வேலை, வரிசைப்படி

தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959-இன் கீழ் பட்டா நிலத்துக்கான மனு மாவட்ட ஆட்சியருக்குப் போகிறது. வருவாய் கோட்டாட்சியரும் கனிமவளத் துறை உதவி இயக்குநரும் இடத்தைப் பார்த்து அறிக்கை தருவார்கள். அதன் பேரில் எந்தப் பரப்பு, எவ்வளவு ஆழம் என்று குறிப்பிட்டு ஒரு கடிதம் வரும்; பிரிசைஸ் ஏரியா லெட்டர் என்பார்கள். அந்தக் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் சுரங்கத் திட்டத்தில் ஏற வேண்டும். தகுதி பெற்றவர் தயாரிக்கும் அந்தத் திட்டத்தை உதவி இயக்குநர் ஏற்ற பிறகு சுற்றுச்சூழல் அனுமதி, அதன் பிறகு ஆட்சியரின் குத்தகை உத்தரவு, ஒப்பந்தப் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, கடைசியில் நடைச்சீட்டு. இந்த வரிசையைக் குறுக்கே தாண்ட வழியில்லை.

சின்னக் குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி எதற்கு என்ற கேள்வி இன்னும் ஓய்ந்தபாடில்லை. 5 ஹெக்டேருக்குக் கீழே இருந்தாலும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. சாலை போடத்தானே எடுக்கிறோம் என்ற வாதத்தையும் நம்பிவிடாதீர்கள். சாலை, ரயில் பாதை போன்ற திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க 2020-இல் தந்திருந்த விலக்கை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. நான்குவழிச்சாலை ஒப்பந்தக்காரர் வாய்மொழியாகத் தரும் உறுதியை நம்பிப் பொக்லைனை இறக்காதீர்கள். வழக்கு வந்தால் பட்டாதாரர் பெயரும் அதில் இருக்கும்.

500 மீட்டர் சுற்றளவில் வேறு குவாரிகள் இருந்தால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை 5 ஹெக்டேரைத் தாண்டினால் முழுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் மக்கள் கருத்துக் கேட்பும் வரும். செலவும் காலமும் பல மடங்கு. உதவி இயக்குநரிடம் இந்த 500 மீட்டர் விவரத்தை மனுப் போடும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

தோண்டுவது: பட்டை பட்டையாக

காலண்டரை முதலில் போடுங்கள். நமக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவமழைதான். தை பிறந்ததும் தொடங்கி ஆவணிக்குள் அந்த வருடத் தோண்டலை முடிக்க வேண்டும். புரட்டாசி, மூடிச் சீர்செய்த பகுதியில் விதைக்கிற மாதம். ஐப்பசி, கார்த்திகையில் இயந்திரத்தை இறக்கினால் அடித்தளம் சேறாகிக் கெட்டிப்பட்டுவிடும். இப்படிப் பார்த்தால் வருடத்துக்குச் சுமார் 200 வேலை நாள். 2,700 லோடு என்பது நாளைக்கு 14 வண்டி. இதற்கு ஒரு ஹிட்டாச்சி தாராளம்.

எல்லைக் கல் நட்டு, மேட்டுப் பக்கம் அரை மீட்டருக்கு மேல் ஆழமுள்ள வெட்டுக்கால் எடுத்து, வெளித் தண்ணீர் குழிக்குள் வராமல் திருப்புங்கள். அது ஓடையில் சேரும் முன் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் ஒரு வண்டல் தொட்டி வேண்டும். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் குழிக்குள் நேராக விழுவதே 1,100 கனமீட்டர். மேட்டுத் தண்ணீரும் சேர்ந்தால் கரை நிற்காது.

இனி மேல்மண். இந்த 30 சென்டிமீட்டருக்குள்தான் வேரும் விதையும் மண்புழுவும் இருக்கின்றன. தொலைத்தால் திரும்ப வராது. 20 மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, 30 சென்டிமீட்டர் ஆழத்தைச் சிவப்பு பெயிண்டால் காட்டுங்கள். பல் உள்ள பக்கெட்டால் சீவினால் சரளை கிளறி மேலே கலக்கும்; பல் இல்லாத அகல பக்கெட் போடச் சொல்லுங்கள். ஓட்டுநர் மாற்ற மாட்டேன் என்பார், அரை மணி நேரம் போகிறதே என்று. விட்டுக்கொடுக்காதீர்கள். மண்ணின் ஈரமும் முக்கியம்: கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டை உதிராமல் பிசைந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் காயட்டும்.

3,280 கனமீட்டர் மேல்மண்ணையும் ஒரே தடவையில் எடுத்தால் உப்பி 4,100 ஆகும். குவிக்க இடமே இல்லை. அதனால்தான் 135 மீட்டர் நீளத்தை நான்கு பட்டையாகப் பிரிக்க வேண்டும். முதல் பட்டையின் மேல்மண் மட்டும் சுமார் 1,025 கனமீட்டர். அடியில் 4 மீட்டர், உச்சியில் 1 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர் உள்ள வரப்பாகப் போட்டால் 275 மீட்டர் நீளம் வரும். மூன்று பக்கப் பாதுகாப்பு இடைவெளியில், வெளி எல்லையை ஒட்டி அடங்கிவிடும். அதன்மேல் கொளுஞ்சி விதையைத் தூவுங்கள். மண் உயிரோடு இருக்கும். வரப்பை 2 மீட்டருக்கு மேல் உயர்த்தினால் அடியில் காற்றில்லாமல் புளித்துவிடும். முதல் பட்டையைத் தோண்டி முடித்ததும், இரண்டாம் பட்டையில் சீவும் மேல்மண் நேராக முதல் பட்டையின் அடித்தளத்துக்குப் போகிறது. குவித்து, மறுபடி அள்ளும் இரட்டை வேலையும் டீசலும் மிச்சம். மூன்றாம் பட்டையின் மண் இரண்டாவதற்கு, நான்காம் பட்டையின் மண் மூன்றாவதற்கு. வரப்பில் இருக்கும் மண் கடைசிப் பட்டைக்கு.

கரையை முதலில் செங்குத்தாக வெட்டிவிட்டு அப்புறம் சாய்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். சுரங்க ஒழுங்குமுறைகள் சரளை மண்ணுக்கு 45 பாகைக்கு மிகாத சரிவு அல்லது 1.5 மீட்டருக்கு மிகாத உயரமும் அந்த உயரத்துக்குக் குறையாத அகலமும் உள்ள படிக்கட்டு என்கின்றன. ஆழம் 6 மீட்டருக்குள், ஆட்கள் 50 பேருக்குள், வெடி இல்லை என்றால், 2025 நவம்பர் வரை இருந்த சுரங்கச் சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தாமல் இருந்தது உண்மைதான். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை மட்டும் எப்போதும் வேலைக்கு வைக்கக் கூடாது. காய்ந்த செம்மண் 3 மீட்டர் செங்குத்தாகக் கல் மாதிரி நிற்கும், ஒரு கோடை மழையில் வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கியதும் பலகையாகச் சரியும். கீழே குனிந்து வேலை செய்பவருக்கு ஓட நேரமிருக்காது. விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் மரமோ உதிரிக் கல்லோ இருக்கக் கூடாது.

வண்டிப் பாதை 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம், ஆக 3 மீட்டர் ஆழத்துக்கு 30 மீட்டர் நீளம். தார்ப்பாய் கட்டாமல் வண்டி வெளியே போகக் கூடாது. ஊர்த் தெருவில் காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை தண்ணீர் தெளியுங்கள். பள்ளி தொடங்கும், விடும் நேரம் அரை மணி வண்டியை நிறுத்துங்கள். ஊர்க்காரர்களின் புகாரில் பாதி தூசியையும் வேகத்தையும் பற்றியதுதான்.

திரும்ப நிலமாக்குவது

தோண்டி முடித்த பட்டையின் அடித்தளம் டிப்பர் சக்கரம் ஓடி ஓடி சிமெண்டுத் தரை போல இறுகியிருக்கும். அதன்மேல் மேல்மண்ணைப் பரப்பினால், தொட்டியில் நட்ட செடி மாதிரி இரண்டாம் வருடத்தில் வேர் முட்டிச் செடி வாடும். மரம் நட்டும் வரவில்லை என்று சொல்லப்படும் பெரும்பாலான இடங்களில் காரணம் இதுதான். மண் காய்ந்திருக்கும்போது, வாட்டத்துக்குக் குறுக்காக 50 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திவிட வேண்டும். உளிக்கலப்பை இறங்கவில்லை என்றால் ஹிட்டாச்சியின் பல்லாலேயே கீறலாம். ஈரத்தில் கீறினால் வெடிக்காது, வெறும் கோடுதான் விழும்.

பிறகு மேல்மண் 30 சென்டிமீட்டர். பரப்பும் வண்டி பரப்பிய மண்மேல் ஏறாதபடி பின்னோக்கி வர வேண்டும். ஹெக்டேருக்கு 10 டன்னுக்குக் குறையாமல் தொழு உரம். கிடைத்தால் கண்மாய் வண்டல். செவக்காட்டுச் சரளைக்கு அதைப் போல மருந்து இல்லை, ஈரம் பிடித்து வைக்கும். வட்டாட்சியர் அனுமதி வேண்டும். புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கனமீட்டர், சுமார் 30 டிராக்டர் லோடு வரம்பு.

புரட்டாசியில் முதல் விதைப்பு கொளுஞ்சி, சணப்பை, நரிப்பயறு. பூத்ததும் மடக்கி உழுங்கள். முதல் வருடமே நிலக்கடலை போட ஆசைப்பட்டால் விதைக்காசு போகும். கரைச் சரிவில் கொழுக்கட்டைப் புல் தூவி, 1 மீட்டர் உயர இடைவெளிக்கு ஒரு வரிசை வெட்டிவேரை 15 சென்டிமீட்டருக்கு ஒரு தூர் வீதம் நடுங்கள். மழை தொடங்கும் முன் இது வேர் பிடிக்க வேண்டும்; தாமதித்தால் ஒரே மழையில் சரிவு விரல் விரலாக அரித்துவிடும். அரித்த இடத்தில் மண்ணைக் கொட்டி மூடாமல், மேலே தண்ணீர் எங்கே சேர்கிறது என்று பார்த்துத் திருப்புங்கள்.

மரத்துக்கு 60 சென்டிமீட்டர் கனசதுரக் குழி, 5 மீட்டர் இடைவெளி, ஹெக்டேருக்கு 400. வேம்பு, புங்கன், வாகை, நாவல், புளி, இலுப்பை. எல்லை ஓரம் பனங்கொட்டை. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வைக்காமல் கன்று நடுவது போட்டோவுக்குத்தான். சீமைக் கருவேலம் தானாக முளைக்கும். முதல் மூன்று வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் தழைக்கும்.

குட்டையை 3 மீட்டர் ஆழமான மூலையிலேயே அமையுங்கள், கரை 1:3-ஐ மாற்றாமல். வழுக்கி விழுந்த குழந்தை தானாக ஏறி வர அந்தச் சரிவு வேண்டும். கைவிட்ட குவாரிக் குழியில் குளிக்கப் போய்ப் பிள்ளைகள் மூழ்குவது ஆழத்தினால் மட்டுமல்ல, பிடித்து ஏறக் கரை இல்லாததாலும்தான். சுற்றிலும் கம்பி வேலி, தமிழில் எச்சரிக்கைப் பலகை இரண்டும் தோண்டத் தொடங்கும் நாளிலேயே இருக்கட்டும்.

குத்தகை முடியும் முன்

கடைசி லோடு போவதற்கு இரண்டு மாதம் முன்பே இறுதி டி.ஜி.பி.எஸ். அளவீடு எடுங்கள். ஆழமோ எல்லையோ எங்காவது தவறியிருந்தால் சரிசெய்ய அப்போது இயந்திரம் கையில் இருக்கும். சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை இணக்க அறிக்கை போயிருக்க வேண்டும். தொடங்கும் முன், ஒவ்வொரு பட்டைக்குப் பின் என்று அதே இடத்தில் நின்று எடுத்த படங்களைத் தேதியோடு சேர்த்து வையுங்கள். நிலம் வேறொருவருடையது என்றால், மேல்மண் கனம், கரைச் சரிவு, கன்று எண்ணிக்கை மூன்றையும் எண்ணாகவே ஒப்பந்தத்தில் எழுதி, கடைசித் தவணைப் பணத்தை அதோடு கட்டிவிடுங்கள். பட்டாதாரர் ஒரு கடப்பாரையோடு வந்து பத்து இடத்தில் குத்திப் பார்க்கட்டும். 30 சென்டிமீட்டர் மேல்மண்ணும் அதன் கீழே கொத்திய மண்ணும் இருந்தால் கடப்பாரை முழங்கால் அளவு இறங்கும்.